வாசலில் நன்கொடை கேட்க ஆள் தரும் ஏஜென்சிகள்: எதைப் பார்த்து எடுப்பது?

தொண்டு நிறுவனங்களுக்காக வீடு வீடாகப் போய் மாதாந்திர நன்கொடையாளர்களைச் சேர்த்துத் தரும் ஏஜென்சிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சரக்கைத்தான் விற்கின்றன. அடையாள அட்டை மாட்டி, டேப்லெட் ஏந்திய ஐந்தாறு பேர், அவர்களுக்கு ஒரு டீம் லீடர், மாலையில் நான்கு மணி நேர வேலை, சேர்ந்த ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஒரு கட்டணம். இவர்கள் காட்டும் விளக்கப் படங்களை அருகருகே வைத்தால் லோகோவைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. வித்தியாசமெல்லாம் அந்த ஐந்தாறு பேரிடம் இருக்கிறது. அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எதற்காகப் பாராட்டுகிறார்கள், எதற்காக வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் கேட்டால் சேவையின் தரம் தெரிந்துவிடும். அதனால் இந்த மதிப்பீடும் அந்த ஒரு பக்கத்திலிருந்துதான். ஏஜென்சி வேண்டாம், சொந்தமாகவே ஆள் எடுக்கிறோம் என்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல ஏஜென்சி விலை அதிகமாகத் தெரிந்தாலும் இரண்டு ஆண்டில் கணக்கை நேர் செய்துவிடும். மோசமான ஏஜென்சி மலிவாகத் தெரியும், முதலாண்டு அறிக்கையில்கூட நன்றாகவே தெரியும். கெட்ட பெயர் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் ஏஜென்சியின் பெயருக்கு வராது. வாசலில் நின்றவர் போட்டிருந்த சட்டையில் இருந்தது தொண்டு நிறுவனத்தின் பெயர்தானே.

வேலை என்னவென்று முதலில் கணக்காகப் பார்த்தால்தான் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது புரியும். ஒரு மாலையில் ஒருவர் 90 கதவு தட்டுகிறார் என்று வையுங்கள். பாதிக்கு மேல் திறக்காது. திறப்பவை 40. அதில் 30 பேர் முதல் வாக்கியம் முடியும் முன்பே வேண்டாம் என்பார்கள். மீதிப் பத்துப் பேர் நின்று கேட்பார்கள். அதில் ஒருவரோ இருவரோ சேர்வார்கள். சில நாட்களில் ஒருவரும் சேரமாட்டார்கள். ஆக, நான்கு மணி நேரத்தில் முப்பத்தொன்பது தடவை வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, நாற்பதாவது வாசலில் முதல் வாசலில் நின்ற அதே முகத்தோடு நிற்கத் தெரிந்தவர் வேண்டும். பேச்சுத் திறமை இதற்கெல்லாம் பின்னால் வருவது.

'தோல் தடித்த ஆள் வேண்டும்' என்று ஏஜென்சிகள் இதைச் சொல்லும். நாங்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. தோல் தடித்தவருக்கு மறுப்பு உறைக்காது. உறைக்காததால் நகரமாட்டார். 'ஒரு நிமிஷம்தான் சார்' என்று இழுப்பார். கதவு மூடும்போது கையை நீட்டிப் பிடிப்பவரும் இந்த ரகம்தான். வேண்டியது மறுப்பை உடனே கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, கேட்டைத் தாழ் போட்டுவிட்டு, அடுத்த வீடு போவதற்குள் அதை உதறிவிடத் தெரிந்த ஆள். இந்த இரண்டு பேரையும் நேர்காணல் மேசையில் பிரித்துப் பார்க்க முடியாது, இருவருமே தன்னம்பிக்கையோடுதான் பேசுவார்கள். ஒத்திகையில் பிரிக்கலாம். அடுத்தடுத்து ஐந்து கதவுகளை நடித்துக் காட்டுங்கள், ஐந்திலும் மறுத்துவிடுங்கள். ஐந்தாவது கதவில் குரல் வேகமெடுக்கிறதா, சிரிப்பு காணாமல் போகிறதா, அல்லது 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' என்றே தொடங்குகிறாரா என்று பாருங்கள். வேகமெடுப்பது களைப்பின் முதல் அறிகுறி. வேகமாகப் பேசும் அந்நியருக்கு யாரும் கதவை அகலத் திறப்பதில்லை. மறுப்பு கூடும், வேகமும் கூடும்.

இரண்டாவது குணம் கேட்பது. காதால் கேட்பதும், வாயால் கேட்பதும்.

வாயால் கேட்பதிலிருந்து தொடங்குவோம், நல்ல மனசுக்காரர்கள் தோற்பது இங்கேதான். நிறுவனத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்கள், கண் கலங்கும், எதிரில் நிற்பவரும் தலையாட்டுவார். கடைசியில் 'உங்களால் முடிஞ்சதை எப்போ வேணா செய்யுங்க' என்று ஒரு துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். மாதம் இவ்வளவு என்று தொகையைச் சொல்லி, சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு மூன்று விநாடி காத்திருக்கும் திடம் தனி. தேர்வில் இதை மட்டும் தனியாகச் செய்யச் சொல்லுங்கள்: தொகை, மௌனம். பலர் அந்த மூன்று விநாடியைத் தாங்கமாட்டார்கள். அவர்களாகவே தொகையைக் குறைத்துவிடுவார்கள், அல்லது 'இப்போ வேண்டாம்னாலும் பரவாயில்லை' என்று எதிராளியின் மறுப்பைத் தாங்களே சொல்லிக்கொடுப்பார்கள். இது பயிற்சியில் ஓரளவு சரியாகும். பணம் கேட்பதே இழிவு என்று உள்ளூர நினைப்பவருக்குச் சரியாகாது. வற்புறுத்தி வைத்திருப்பது அவருக்கும் கொடுமை.

காதால் கேட்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கதவைத் திறப்பவராக நடிப்பவர் முதல் வாக்கியத்திலேயே ஒரு தகவலை நழுவவிட வேண்டும். 'உள்ளே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சொல்லுங்க' என்பதுபோல. நல்ல ஆள் அங்கேயே பேச்சைச் சுருக்கிவிடுவார், வேறொரு நாள் வருவதாகச் சொல்வார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் 'அப்படியா, சரி, எங்கள் நிறுவனம்' என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஸ்கிரிப்டை அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பவருக்கு அதிக மதிப்பெண் போடும் ஏஜென்சிகள் உண்டு. எங்கள் கணக்கில் அது குறை. பிசகக்கூடாத பகுதிகள் நான்கைந்துதான்: தன் பெயர், யாருக்காக வந்திருக்கிறார், தொகை எவ்வளவு, ஒரு தடவையா மாதாமாதமா, நிறுத்த வேண்டுமானால் எப்படி நிறுத்துவது. மற்றதெல்லாம் எதிரில் இருப்பவரைப் பொறுத்து மாற வேண்டும்.

இனி நேர்மை. இதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், யாரும் சோதிப்பதில்லை. நற்சான்றிதழும் பின்னணிச் சரிபார்ப்பும் அவசியம். ஆனால் அவை பழைய குற்றத்தைக் காட்டுமே தவிர, மழையில் நனைந்து, ஒருவரையும் சேர்க்காமல், இரவு எட்டு மணிக்கு நிற்கும்போது இவர் என்ன செய்வார் என்பதைக் காட்டாது. இரண்டு ஒத்திகைகள் காட்டும்.

ஒன்று, 'நீங்க இதுக்குச் சம்பளம் வாங்குறீங்களா?' என்ற கேள்வி. எந்த ஊரானாலும் வாசலில் இது வராமல் இருக்காது. 'ஆமாம், இது என் வேலை. ஏஜென்சி சம்பளம் தருகிறது. நீங்கள் தரும் பணம் நேராக நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது, எங்கள் கட்டணத்தை நிறுவனம் தனியாகத் தருகிறது' என்று கூசாமல் சொல்பவர் தேறுவார். 'இல்லைங்க, சேவை மனப்பான்மையில வந்தேன்' என்பவர் தேறமாட்டார், எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும். சட்டங்கள் இந்த இடத்தில் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1992ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, தொழில்முறையாக நிதி திரட்டுபவர் தனக்கு ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நன்கொடை கேட்கும்போதே தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில், திரட்டிய பணத்தில் எத்தனை சதவீதம் அறப்பணிக்குப் போனது என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1988இல் செல்லாது என்றது, பேச்சுரிமையைக் காரணம் காட்டி. அதே நீதிமன்றம் 2003இல், நன்கொடையாளர்களை ஏமாற்றும்படி பேசினால் மோசடி வழக்குத் தொடரலாம் என்றது. தானாகச் சொல்ல வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. கேட்டால் பொய் சொல்லக்கூடாது என்பது எங்கும் ஒன்றுதான். ஏஜென்சியின் பயிற்சித் தாளில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். 'பேச்சை மாற்றவும்' என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஒத்திகைதான் முக்கியமானது. தனியாக இருக்கும் ஒரு முதியவர் கதவைத் திறக்கிறார். அன்பாகப் பேசுகிறார், உட்காரச் சொல்கிறார், சொன்னதையே திரும்பக் கேட்கிறார், எதைக் கேட்டாலும் சரி என்கிறார், வங்கி விவரம் தரவும் தயார். தேர்வுக்கு வந்தவர் என்ன செய்கிறார்? சரியான விடை ஒன்றுதான். நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் போகக்கூடாது, கையெழுத்து வாங்கக்கூடாது. துண்டறிக்கையைக் கொடுத்து, குடும்பத்தில் யாரிடமாவது காட்டச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்தக் கதவு இன்னொரு முறை தட்டப்படாமல் இருக்கக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு வெற்றியோடு நிமிர்கிறவரை வேலைக்கு எடுக்கவே கூடாது. பேச்சுத் திறமையில் அவர் முதலாவதாக வந்திருந்தாலும். ஏஜென்சியிடம் இந்த ஒத்திகையைப் பற்றிக் கேளுங்கள். அப்படியொன்று நடத்துவதில்லை என்றால்கூட மன்னிக்கலாம், கற்றுக்கொள்வார்கள். 'சரின்னு சொன்னா சரிதானே' என்று பதில் வந்தால் அந்த ஏஜென்சி வேண்டாம்.

முன் அனுபவம் பற்றி. விற்பனையில் இருந்தவர்களை ஏஜென்சிகள் விரும்பும், காரணமும் உண்டு: கதவு தட்டக் கூச்சமில்லை, டார்கெட் பழக்கம் இருக்கிறது. ஆனால் பொருள் விற்றவருக்கு விற்றதோடு வேலை முடிந்தது. மாதாந்திர நன்கொடையில் கையெழுத்தோடு வேலை தொடங்குகிறது. வாடிக்கையாளரின் தயக்கத்தை உடைக்கப் பழகியவர், நன்கொடையாளரின் தயக்கத்தையும் உடைத்துவிடுவார். உடைந்த தயக்கம் அடுத்த மாதம் வங்கிக்குப் போன் போட்டு ரத்து செய்யும். எங்கள் பார்வையில், உணவகத்தில் பரிமாறியவர்கள், வரவேற்பறையில் இருந்தவர்கள், நோயாளிகளைக் கவனித்தவர்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகியோர் இந்த வேலைக்கு எதிர்பாராத அளவு பொருந்துகிறார்கள். அலுத்துப்போன மனிதர்களோடு நாள் முழுக்கப் பேசி, பொறுமை இழக்காமல் இருந்து பழகியவர்கள் இவர்கள்.

கொள்கைப் பிடிப்புக்கும் அளவு உண்டு. நிறுவனத்தின் நோக்கத்தில் நம்பிக்கை இல்லாதவர் இரண்டு வாரத்தில் வெறுமையாகிவிடுவார், உண்மை. ஆனால் நோக்கத்துக்காக உயிரையும் தருவேன் என்பவர் வாசலில் விவாதம் செய்வார். 'இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை' என்று வீட்டுக்காரர் சொன்னால் பத்து நிமிடம் மறுப்பார், வாதத்தில் ஜெயிப்பார், நன்கொடை வராது, அடுத்த மூன்று நான்கு வீடும் போகும். 'தெரியாதுங்க, அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லத் தெரிந்த நிதானமான நம்பிக்கை போதும்.

உடல் வலிமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு மணி நேர நடை, மாடிப்படி, வெயில், மழை, நாய். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆட்களே முடிவு செய்துகொள்வார்கள். சொல்லாமல் மறைப்பதுதான் தவறு, முதல் வாரத்திலேயே பலர் போவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் ஏஜென்சியின் பங்கு வேறு ஒன்று இருக்கிறது. கழிப்பறைக்கு எங்கே போவது, தண்ணீர் யார் கொண்டுவருவது, இருட்டிய பிறகு யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்? இந்த மூன்றுக்கும் ஏற்பாடு இல்லாத குழுவிலிருந்து பெண்கள்தான் முதலில் விலகுவார்கள். பெண்கள் இல்லாத குழுவுக்கு இருட்டிய பிறகு கதவுகள் திறப்பதும் குறையும். ஒரே தெருவில் இருவர், எதிரெதிர் வரிசையில், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி நடப்பதும், மணிக்கொரு முறை டீம் லீடரிடம் தலைகாட்டுவதும் குறைந்தபட்ச ஒழுங்கு.

ஆள் தேர்வில் ஏஜென்சிகளுக்கிடையே வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடு, சோதனை மாலை. மேசை நேர்காணலை முடித்து நேராகக் களத்தில் இறக்குவது மலிவான முறை. நல்ல முறையில், தேர்வானவர் அனுபவசாலி ஒருவருடன் ஒரு மணி நேரம் சும்மா நடந்து பார்ப்பார், பிறகு கடைசி ஐந்தாறு கதவுகளை அவரே தட்டுவார், கூட நிற்பவர் வாய் திறக்கமாட்டார். இந்த மாலைக்குச் சம்பளம் உண்டு. இல்லை என்றால் அது தேர்வல்ல, இலவச உழைப்பு. கூட நடப்பவர் பார்க்க வேண்டியவை பேச்சில் இல்லை. மணி அடித்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் நகர்கிறாரா, அட்டை தெரியும்படி நிற்கிறாரா, திறந்த கதவு வழியே உள்ளே நோட்டம் விடுகிறாரா, செடியை மிதித்துக் குறுக்கே போகிறாரா, விற்பனையாளர்கள் வரவேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கும் கதவைக் கடந்து போகிறாரா, கேட்டைத் திரும்ப மூடுகிறாரா. இதெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது தெரியும் குணம். எழுத்துத் தேர்வில் வராது.

இத்தனையும் சரியாகச் செய்து நல்ல ஆட்களை எடுத்த பிறகும், மூன்றே மாதத்தில் அவர்களைக் கெடுத்துவிட ஒரு வழி இருக்கிறது. முழுக்கக் கமிஷன்.

சேர்த்த ஆளுக்கு மட்டும் காசு என்றால், ஒருவரும் சேராத மாலை பட்டினி மாலை. இரண்டு வெறும் மாலை தொடர்ந்தால் வேலையே போகும் என்று சில ஏஜென்சிகளில் எழுதப்படாத விதி உண்டு. அந்த நெருக்கடியில் கிளம்பும் வாக்கியங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். 'இப்போ கையெழுத்துப் போடுங்க, பிடிக்கலைன்னா அடுத்த மாசம் நிறுத்திக்கலாம்.' 'பக்கத்து வீட்டுல கொடுத்துட்டாங்க.' 'ஒரு தடவை மட்டும்தான்' என்று சொல்லி மாதாந்திரப் படிவத்தை நீட்டுவது. இன்னும் போனால் நண்பர்களின் வங்கி விவரத்தைப் போட்டு முதல் தவணைக்குப் பிறகு ரத்து செய்வது. இதில் பலவற்றைச் செய்பவர்கள் தேர்வின்போது நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். மணிக்கணக்குச் சம்பளம் அடிப்படையாகவும், அதற்கு மேல் சிறிய ஊக்கத்தொகையும், அந்த ஊக்கத்தொகையும் நன்கொடையாளர் மூன்று தவணை செலுத்திய பிறகே கிடைப்பதுமாக இருப்பது எங்களுக்குத் தெரிந்தவரை நல்ல அமைப்பு. அடிப்படைச் சம்பளத்தில் வாழ முடிய வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது.

மாதாந்திர நன்கொடைக்கு நேரில் ஆள் சேர்க்கும் இன்றைய முறை 1990களின் நடுவில் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் ஆஸ்திரியக் கிளை தெருக்களில் தொடங்கியதிலிருந்து பரவியது. அதற்கு முன் வாசலில் பெரும்பாலும் ரொக்கமும் காசோலையும்தான். ரொக்கத்துக்கு ஆள் எடுக்கும்போது கை சுத்தமா என்பதுதான் முதல் கேள்வி: எண் போட்ட ரசீது, முத்திரையிட்ட உண்டியல், அன்றைக்கே இருவர் முன்னிலையில் எண்ணிக் கணக்கு முடிப்பது. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஆட்டோ டெபிட் வந்ததும் கேள்வி மாறிவிட்டது. திருட ரொக்கம் இல்லை. ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்காரர், 'அன்னைக்கு அந்தப் பிள்ளை தெளிவாச் சொல்லித்தான் சேர்த்துச்சு' என்று நினைப்பாரா என்பதுதான் இப்போது அளவு. பல ஏஜென்சிகளின் ஆள் தேர்வு இன்னும் பழைய கேள்வியிலேயே நிற்கிறது.

விலைக்கு வருவோம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. நாட்டுக்கு நாடு தொகை மாறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு மாத நன்கொடையின் மடங்காகவே வைக்கிறோம். முதல் ஏஜென்சி ஒரு நன்கொடையாளருக்கு 6 மாத நன்கொடையைக் கட்டணமாகக் கேட்கிறது. இரண்டாவது 9 மாதம் கேட்கிறது. இரண்டும் நூறு பேரைச் சேர்க்கின்றன. முதலாவதில் 20 பேர் முதல் தவணையே செலுத்தவில்லை, ஆண்டு முடிவில் 40 பேர் மிச்சம். இரண்டாவதில் 5 பேர் செலுத்தவில்லை, ஆண்டு முடிவில் 65 பேர் மிச்சம். சராசரியாகப் பார்த்தால் முதலாண்டில் முதலாவது 720 மாத நன்கொடை தருகிறது, இரண்டாவது 960. கட்டணம் 600ஐயும் 900ஐயும் கழித்தால் மிச்சம் 120, 60. மலிவான ஏஜென்சி ஜெயித்ததுபோல் தெரிகிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காட்டப்படுவது இந்தத் தாள்தான். இரண்டாம் ஆண்டில் 40 பேர் 30 ஆகவும், 65 பேர் 52 ஆகவும் குறைந்தால் வரவு 420, 702. இரண்டாண்டு மொத்த மிச்சம் 540, 762. ஓராண்டு ஒப்பந்தம் போட்டு, ஓராண்டு எண்களை வைத்து ஏஜென்சியை மாற்றும் நிறுவனம் இந்த இரண்டாவது தாளைப் பார்ப்பதே இல்லை.

முதல் தவணை செலுத்தாதவர்களுக்கும், மூன்று மாதத்துக்குள் விலகியவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று மாதம் என்பதை ஆறாகக் கேட்டுப் பாருங்கள். தன் ஆள் தேர்வில் நம்பிக்கை உள்ள ஏஜென்சி பேரம் பேசும், ஆனால் மறுக்காது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: திருப்பித் தரும் தொகையை ஏஜென்சி களப்பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பிடித்தால், விலக நினைக்கும் நன்கொடையாளருக்கு அவரே போன் செய்து கெஞ்சத் தொடங்குவார். வாசலில் வாங்கிய தொலைபேசி எண்ணை அதற்குப் பயன்படுத்துவது தனி விதிமீறல். அதனால் படிவம் அனுப்பியவுடன் விவரங்கள் டேப்லெட்டிலிருந்து அழியும்படி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரிபார்ப்பு அழைப்பு எல்லா ஏஜென்சியும் தருவதாகச் சொல்லும் சேவை. அதை யார் செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம். சேர்த்த ஏஜென்சியே சேர்ந்தவரை அழைத்துச் சரிபார்த்தால் அதற்கு மதிப்பில்லை. நிறுவனத்தின் ஆளோ மூன்றாம் தரப்போ, இரண்டு நாட்களுக்குள் அழைக்க வேண்டும். கேட்க வேண்டியது நான்கு: மாதாமாதம் போகும் என்று தெரியுமா, தொகை எவ்வளவு, எப்படி நிறுத்துவது என்று சொன்னார்களா, வந்தவர் எப்படி நடந்துகொண்டார். பதில்களை ஏஜென்சி வாரியாகத் தொகுக்காமல் களப்பணியாளர் வாரியாகத் தொகுங்கள். ஒரே ஆளின் பெயரில் 'ஒரு தடவைன்னுதான் சொன்னார்' என்ற பதில் மூன்று முறை வந்தால் அது தற்செயல் அல்ல. அவரை உடனே களத்திலிருந்து எடுத்து, கூட நடந்து பார்த்து, பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அதிகம் சேர்ப்பவரின் எண்களை முதலில் பாருங்கள் என்பது எங்கள் அனுபவ யோசனை. மற்றவர்கள் ஒன்றிரண்டு சேர்க்கும் தெருவில் தினமும் ஆறு பேரைச் சேர்ப்பவர் அபூர்வத் திறமைசாலியாக இருக்கலாம். பெரும்பாலும் எதையோ சொல்லாமல் விடுகிறார்.

டீம் லீடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்கப் படத்தில் அவர் ஒரு பெட்டிதான், ஆனால் நீங்கள் வாங்குவது பாதிக்கு மேல் அவரைத்தான். அதிகம் சேர்த்தவரையே டீம் லீடர் ஆக்குவது இந்தத் துறையின் தீராத பழக்கம். சேர்க்கத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நல்ல டீம் லீடர் ஐந்தாறு பேருக்கு மேல் பார்க்கமாட்டார், மாலையில் குறைந்தது இரண்டு பேருடன் சில கதவுகளாவது கூட நடப்பார், துவண்டவரை அடுத்த தெருவுக்கு மாற்றுவார், பூஜ்யத்தில் முடித்தவரை எல்லோர் முன்னிலையிலும் வைத்துப் பேசமாட்டார். ஒப்பந்தத்துக்கு முன் ஒரு மாலை அவர்களோடு நடக்க அனுமதி கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வரலாம் என்று ஒத்துக்கொண்டால் நல்லது. 'எங்கள் சிறந்த குழுவைக் காட்டுகிறோம்' என்றால், மற்றக் குழுவைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்கள் எத்தனை நாள் நிற்கிறார்கள் என்ற எண்ணை எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் விலகுவோர் எங்கும் அதிகம், அதை ஒளிக்கத் தேவையில்லை. கேட்க வேண்டியது, முதல் மாதத்தைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் ஆறாவது மாதத்திலும் இருக்கிறார்கள் என்பது. இதற்கு எண் வைத்திராத ஏஜென்சி ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஊற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் நிறுவனத்தைப் பற்றி வாசலில் பேசுபவர் அதைப் பற்றி முந்தாநாள்தான் கேள்விப்பட்டிருப்பார்.

யாருக்குப் பொருந்தும்? மாதாந்திர நன்கொடையாளர்களைப் பராமரிக்க அலுவலகத்தில் தனி ஆளும், புகார்களை எடுக்க ஒரு தொலைபேசி எண்ணும், இரண்டாண்டு காத்திருக்கும் அளவுக்குக் கையிருப்பும் உள்ள நிறுவனங்களுக்கு நல்ல ஏஜென்சி தாராளமாகப் பொருந்தும். சிறிய அமைப்புகளுக்கு இந்தச் சேவையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முன்பணமாகப் போகும் கட்டணம் முதல் ஆண்டில் மூச்சை அடைக்கும், புகார் வந்தால் கையாள ஆளிருக்காது. அவர்கள் மூன்று நான்கு பேரை மணிக்கணக்குச் சம்பளத்தில் தாங்களே எடுத்து, மேலே சொன்ன இரண்டு ஒத்திகைகளையும் ஒரு சோதனை மாலையையும் நடத்தி, ஒரே வட்டாரத்தில் ஒரு பருவம் முயன்று பார்ப்பது நல்லது. நான்கு பேரில் ஒருவர் தேறினாலும் அவரை டீம் லீடராக்க அவசரப்பட வேண்டாம். இன்னும் ஒரு பருவம் கதவு தட்டட்டும்.